எண்பதுகளின் இசைத்தொகுப்புகள்: பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி

நம் வீடுகளில் பதினாறு, பதினேழு வயதை எட்டிய பிள்ளைகள் எந்த இசையைக் கேட்கிறார்கள் என்பதில் நாம் நடந்துகொள்ளும் முறை பெரும்பாலும் இரண்டு வகைப்படும். "அதை நிறுத்து" என்று அதட்டுவது ஒன்று. கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவது மற்றொன்று. அந்த இசை நம் பிள்ளையிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி இவ்விரண்டிலும் எழுவதேயில்லை.

இளைஞர்களில் சிலர், தாங்கள் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே வெளிவந்த இசைத்தொகுப்புகளை இன்று தேடிக் கேட்கின்றனர். பாட்டுச் செயலி, ஒன்றைக் கேட்டால் அதைப் போன்ற இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த வழியே போகிறவர்கள் 1980களின் 'புரோகிரசிவ் ராக்' தொகுப்புகளைச் சென்றடைகிறார்கள். இனிய மெட்டு, சின்தசைசரின் அகன்ற ஒலி, சில தொகுப்புகளில் தொடக்கம் முதல் முடிவு வரை நீளும் ஒரே கதை ஆகியவை இவற்றின் அடையாளங்கள். தடுப்பதற்கு முன்னரும் விட்டுவிடுவதற்கு முன்னரும், இத்தொகுப்புகள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இசைக்கருவிகள் குறித்த மார்க்கச் சட்டம் நாம் அறியாததன்று. ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் இசைக்கருவிகளைத் தடுத்துள்ளனர். இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் அனுமதித்துள்ளனர். அதில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. பேணுதலின் காரணமாக இசையைத் தவிர்ப்போரை நாம் மதிக்கிறோம். ஆயினும் தவிர்ப்பதா கூடாதா என்பது ஒரு கேள்வி. பிள்ளை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பதன் பொருள் என்ன என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டதாலேயே இரண்டாவது கேள்வி தீர்ந்துவிடாது.

இந்த இசையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1970களில் இங்கிலாந்தின் யெஸ், ஜெனசிஸ் போன்ற குழுக்கள் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் நீண்ட பாடல்களை இயற்றின. அந்தப் பத்தாண்டு முடியும்போது காலம் மாறியது. மூன்று நிமிடப் பாடல்களையே வானொலியும் சந்தையும் விரும்பின. பழைய குழுக்களிலிருந்து வந்த நால்வர் சேர்ந்து 'ஏஷியா' என்ற குழுவைத் தொடங்கி, சுருக்கமான பாடல்களைக் கொண்ட தொகுப்பொன்றை 1982இல் வெளியிட்டனர். பில்போர்டு இதழின் அவ்வாண்டுப் பட்டியலில் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற தொகுப்பு அதுவே.

அதே வேளையில் கருவிகளும் மாறின. மெலட்ரான் என்னும் பழைய கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா இருந்தது. ஒரு சுரம் ஏறத்தாழ எட்டு நொடிகளே நீடிக்கும். 1970இல் வந்த மினிமூக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கும். 1978இன் புராஃபெட்-5 ஐந்து சுரங்களை ஒருசேர எழுப்பியதோடு, அமைத்த ஒலியை நினைவிலும் வைத்துக்கொண்டது. 1983இல் யமஹா நிறுவனத்தின் டிஎக்ஸ்7 வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான 'மிடி' என்னும் பொதுமுறையும் அதே ஆண்டில் வந்தது. இயந்திரம் வந்தால் இசையின் உயிர் போய்விடும் என்ற அச்சம் அன்றும் இருந்தது. இன்று கைபேசியைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அச்சமும் அதே வகையைச் சேர்ந்ததுதான். கருவி எவர் கையில், எந்த நோக்கத்தோடு இருக்கிறது என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளால் பார்ப்போம்.

முதலாவது, கனடாவின் ரஷ் குழு 1984இல் வெளியிட்ட 'கிரேஸ் அண்டர் பிரஷர்' தொகுப்பிலுள்ள 'ரெட் செக்டார் ஏ' என்ற பாடல். பாடகர் கெடி லீயின் பெற்றோர் போலந்து நாட்டு யூதர்கள். நாஜிகளின் வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பியவர்கள். பெர்கன்-பெல்சன் முகாமை 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை விடுவித்தபோது அவருடைய தாய் அங்கே இருந்தார். விடுதலை வந்ததை அவரால் நம்ப முடியவில்லை. வெளியே ஓர் உலகம் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கொடுமையை எப்படி அனுமதித்திருக்கும்? ஆகவே வெளியுலகமே அழிந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தாராம். தாய் சொன்ன அந்த நினைவே பாடலின் வித்து. வரிகளை எழுதியவர் குழுவின் மேளக்காரர் நீல் பியர்ட். எந்த நாட்டின் பெயரும் எந்த இனத்தின் பெயரும் அதில் இல்லை. கெடி லீ பெயர்பெற்ற பேஸ் கிட்டார் கலைஞர். ஆனால் இந்தப் பாடலில் அவர் பேஸ் கிட்டாரைத் தொடவில்லை. சின்தசைசரின் ஒலியே அதன் அடித்தளம். உயிரற்றது என்று சொல்லப்பட்ட இயந்திரம் ஒரு தாயின் துயரைச் சுமந்தது.

அந்தத் தாயின் கேள்வி யூதர்களுக்கு மட்டும் உரியதன்று. ஐநா தன் பாதுகாப்புப் பகுதியென அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995இல் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டபோது, அதே கேள்வியைப் போஸ்னியாவின் தாய்மார்கள் கேட்டனர். பிறர் துயரத்தைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கே தன் சமுதாயத்தின் துயரத்தையும் வெறுப்பின்றி, நீதியோடு பேச வரும். அநீதியை அதற்கு ஆளானவரின் பெயர் பார்த்து அளக்கக் கூடாது என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாடத்தை இப்பாடலிலிருந்தும் தொடங்கலாம்.

இரண்டாவது, இங்கிலாந்தின் கேமல் குழு 1981இல் வெளியிட்ட 'நியூட்' என்ற தொகுப்பு. கதை மாந்தனின் பெயரே தலைப்பாக அமைந்தது. பாட்டு வரிகள் குறைவு. பெரும்பகுதியும் கருவியிசையே கதை சொல்கிறது. அதற்கு அடிப்படையானவர் ஹிரூ ஒனோடா என்ற ஜப்பானிய இராணுவ அதிகாரி. 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்ட அவருக்கு, எந்நிலையிலும் சரணடையக் கூடாது என்று கட்டளை. 1945இல் போர் முடிந்தது. துண்டறிக்கைகள் வீசப்பட்டன, குடும்பத்தாரின் கடிதங்களும் படங்களும் கூட வந்தன. அனைத்தையும் எதிரியின் சூழ்ச்சி என்றே அவர் ஒதுக்கினார். 1974 மார்ச்சில் அவருடைய பழைய மேலதிகாரி நேரில் வந்து கட்டளையை நீக்கிய பின்னரே காட்டைவிட்டு வெளியேறினார். இதற்கிடையில் அவரும் தோழர்களும் தீவு மக்களில் ஏறத்தாழ முப்பது பேரைக் கொன்றிருந்தனர்.

ஒனோடா வாக்குத் தவறாத வீரரா, விசாரித்தறிய மறுத்த பிடிவாதக்காரரா? கொல்லப்பட்ட உழவர்களின் குடும்பங்கள் இக்கேள்விக்கு என்ன விடை தரும்? ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்று ஓதி வளரும் நம் பிள்ளைகளிடம் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி அரிது. தான் நம்புவதற்கு மாறாக வரும் செய்தியை எல்லாம் சூழ்ச்சி என்று ஒதுக்கும் பழக்கம் வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறது. அதற்குக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை.

கேமல் குழு 1984இல் வெளியிட்ட 'ஸ்டேஷனரி டிராவலர்' பிளவுபட்ட பெர்லினைப் பற்றியது. 1961இல் எழுந்த சுவரால் பிரிக்கப்பட்ட மக்கள், அகதிகள், காவலர்கள் ஆகியோரை அது பேசுகிறது. அத்தொகுப்பு வந்தபோது சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. 1989 நவம்பரில்தான் அது திறந்தது.

மூன்றாவது எடுத்துக்காட்டில் எச்சரிக்கையும் கலந்திருக்கிறது. இங்கிலாந்தின் மரிலியன் குழு 1985இல் வெளியிட்ட 'மிஸ்பிளேஸ்ட் சைல்ட்ஹுட்' தொகுப்பு அந்நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இழந்த காதலையும் இழந்த இளமையையும் பாடல்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து சொல்கின்றன. அதில் போதையின் சாயலும் உண்டு. நம் வீட்டுக்கு ஒவ்வாத சொற்களும் உண்டு. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அதே குழு 1987இல் வெளியிட்ட 'கிளட்சிங் அட் ஸ்ட்ராஸ்' தொகுப்பின் பொருள், குடியில் மூழ்கிக் குடும்பத்தையும் தொழிலையும் இழக்கும் ஓர் இளைஞனின் வெறுமை. மதுவைக் கொண்டாடும் பாடல்கள் எம்மொழியிலும் ஏராளம். மது ஒரு மனிதனை எப்படித் தின்கிறது என்பதை ஒரு தொகுப்பு முழுவதும் விடாமல் காட்டியவை மிகக் குறைவு.

"நல்லதைச் சொல்ல நம்மிடம் நூல்கள் இல்லையா? இதற்கு ராக் இசை எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நூல்கள் இருக்கின்றன, அவற்றுக்கு மாற்றாக எதையும் நாம் முன்வைக்கவில்லை. இவற்றைக் கேட்காத பிள்ளையைக் கேட்கத் தூண்டுவதும் நம் நோக்கமன்று. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையோடு எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்பதுதான் நம் கவலை. அவன் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கினால் பேச்சு வளரும். நாம் நிற்கும் இடத்திலிருந்து கூவி அழைத்தால், காதிலுள்ள ஹெட்ஃபோனின் ஒலியை அவன் இன்னும் கொஞ்சம் கூட்டுவான்.

பாட்டுச் செயலி தொகுப்பை உடைத்து, கவர்ச்சியான ஒரு பாடலை மட்டும் முன்னே தள்ளுவது வழக்கம். ஒனோடாவின் கதையில் நடுவே ஒரு பகுதியை மட்டும் கேட்டால் அழகிய மெட்டு கிடைக்கும். தீவும் கட்டளையும் கிடைக்கா. துண்டு துண்டாகக் கேட்டுப் பழகியவர், மனிதர்களின் பேச்சையும் அப்படியே கேட்பார். ஆகவே, "முழுவதையும் வரிசையாகக் கேட்டாயா? கதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?" என்று பிள்ளையிடம் கேட்பது நல்ல தொடக்கம்.

அதன்பின் மூன்று கேள்விகள் போதும். இந்தக் கதையில் பாதிக்கப்பட்டவர் யார்? அவர் பக்கத்துக் கதை சொல்லப்பட்டிருக்கிறதா? அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? இவற்றைக் கேட்க இசை அறிவு தேவையில்லை. இசையைக் கேட்க விரும்பாத தந்தையும் தாயும்கூட, கதையை மட்டும் பிள்ளை வாயால் கேட்டுப் பேசலாம். அரைமணி நேரம் குறுக்கிடாமல் அவன் சொல்வதைக் கேட்பதுதான் கடினமான பகுதி.

பெற்றோர் தன்னிடம் எதையும் கேட்கவில்லை என்ற குறையோடு வளரும் பிள்ளை, கேட்பவர்களைத் தேடி வெளியே போகும். அங்கே கேட்பவர்கள் எல்லோரும் நலம் நாடுபவர்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே இன்று இரவு உணவின்போது, "எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய், அது என்ன சொல்கிறது?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். விடை நமக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். அப்போதும் விடையை முழுமையாகக் கேட்ட பிறகு பேசுவோம்.