நடை மாறட்டும், சமம் தப்ப வேண்டாம்

ஒரகடத்துல பி ஷிஃப்ட் முடிச்சு ஸ்ரீபெரும்புதூர் ரூமுக்கு வர ராத்திரி பன்னிரண்டு ஆயிடும். அப்புறம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் சீக்வென்சர் பெட்டியோட மல்லுக்கட்டுறதுதான் நம்ம பொழுதுபோக்கு. இது அந்த மல்லுக்கட்டு பத்தின புலம்பல். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கங்க :-)

நண்பர் வீட்டு விசேஷத்துல, தவில் வாசிக்கிற அண்ணன் ஒருத்தரோட என் பெட்டியும் சேர்ந்து வாசிக்கிறதா ஏற்பாடு. சதுஸ்ரத்துல போய்க்கிட்டிருந்தவர் திஸ்ரத்துக்கு மாறினார். நானும் டிவிஷன் குமிழைத் திருப்பினேன். பெட்டி அந்த நொடியே, தட்டுக்கு நடுவுலயே மாறிடுச்சு. திரும்ப சதுஸ்ரத்துக்கு வந்தப்போ அவர் சமத்துல இருக்கார், என் பெட்டி வேற எங்கேயோ இருக்கு. "தம்பி, நீ நிறுத்திக்க"ன்னார். நாலு பேர் முன்னாடி அதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறது சுகமில்லை.

தப்பு என் கைமேலயும் உண்டு. ஆனா பெட்டி செய்யறவங்க மேல எனக்கு ஒரு வழக்கு இருக்கு.

மிடி 1983-ல் வந்தது. ரோலண்டின் இகுடாரோ ககெஹாஷியும் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று கொண்டுவந்தது. மிடி க்ளாக் 'வேகம் 120'ன்னு எண் எதையும் சொல்லாது. ஒரு தட்டுக்கு 24 டிக் அனுப்பும், அவ்வளவுதான். எத்தனை டிக்குக்கு ஒரு ஸ்டெப் நகரணும்கிறதுதான் டிவிஷன். தட்டுக்கு நாலு விழற சதுஸ்ரத்துக்கு 6 டிக். மூணு விழற திஸ்ரத்துக்கு 8. இதுவரைக்கும் சரி. கண்ட நடைக்கு 24-ஐ 5-ஆல் வகுத்தா 4.8. மிஸ்ரத்துக்கு 7-ஆல் வகுத்தா 3.43. சங்கீர்ணத்துக்கு 9-ஆல் வகுத்தா 2.67. அரை டிக், கால் டிக்னு எதுவும் கிடையாது.

அதுக்காக மிடியைத் திட்டிப் பிரயோஜனமில்லை, வழி இருக்கு. பெட்டி எப்பவும் தட்டுக்கு நாலு ஸ்டெப்னே நினைச்சுக்கட்டும், நாம வர்ற க்ளாக்கை மாத்திடலாம். தாளம் 72 வேகத்துல போகுதுன்னா திஸ்ரத்துக்கு 54, கண்டத்துக்கு 90, மிஸ்ரத்துக்கு 126, சங்கீர்ணத்துக்கு 162 வேகத்துல க்ளாக் அனுப்பணும். கை போடற தாளம் 72-லேயே நிக்கும், நடை மட்டும் மாறும். நடுவுல ஒரு அர்டுயினோவை வெச்சு, கால் பெடல் அனுப்பற கன்ட்ரோல் சேஞ்ச் எண்ணை வெச்சு நடையைத் தேர்ந்தெடுக்கற மாதிரி எழுதிட்டேன்.

முக்கியமான விஷயம், பெடலை மிதிச்சதும் மாறாது. அடுத்த சமம் வரைக்கும் காத்திருந்து மாறும். கூடவே ஒரு ஸ்டார்ட் செய்தியும் போகும், பேட்டர்ன் முதல் ஸ்டெப்புலேருந்து கிளம்பும்.

இது எங்க லைன்ல தினமும் நடக்கறதுதான். ஒரே கன்வேயர்ல அடுத்தடுத்து வேற வேற மாடல் வரும். கன்வேயர் வேகம் மாறாது. அடுத்தது ஸ்டேஷனுக்குள்ள நுழையும்போதுதான் வேலை மாறும். பாதி போல்ட் முடுக்கிட்டிருக்கும்போது மாடலை மாத்தினா சூப்பர்வைசர் சும்மா விடுவாரா?

"கண்டமும் மிஸ்ரமும் எத்தனை பேருக்கு வேணும்?"னு கேப்பாங்க. சரி, 5-ம் 7-ம் வேண்டாம், விடுங்க. இருக்கிற 3-க்கும் 4-க்கும் ஏன் கதவைச் சாத்தணும்? ஃபில்டரைத் திறக்க, சத்தத்தைக் குறைக்க எல்லாத்துக்கும் 0-லேருந்து 127 வரை மிடி எண் குடுக்கிறாங்க. பல பெட்டிகள்ல டிவிஷனை மட்டும் குமிழோட நிறுத்திடறாங்க. ரெண்டு கையும் வாசிப்புல இருக்கறவன் எந்தக் கையால திருப்புவான்? மெயின்டனன்ஸ் வேலை பாக்கற நானே நாலு ராத்திரியில எழுதின ப்ரோக்ராம் அது. அவங்களால முடியாதா என்ன?

போன ஞாயித்துக்கிழமை பெட்டியைத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்கே போனேன். சதுஸ்ரம், கண்டம், திரும்ப சதுஸ்ரம். சமத்துல வந்து விழுந்தது. அவர் ஒண்ணும் சொல்லலை. மிஸ்ரத்துக்கு மாறினார்.