சரிபார்ப்பு விதிகள் மக்களுக்குத் தடையாகிவிடக் கூடாது

அரச சேவைகளைக் கணினிமயப்படுத்தும் முயற்சிகள் நாட்டில் முன்னெடுக்கப்பட்டு வருகின்றன. இந்திய நிதியுதவியுடனான தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் அவற்றுள் முக்கியமானதாகும். இம்முயற்சிகள் வரவேற்கப்பட வேண்டியவை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எனினும், அதிகம் பேசப்படாத ஒரு விடயத்தை இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். எத்தகைய தரவை ஏற்பது, எதனை நிராகரிப்பது என்று கணினிக்குக் கட்டளையிடும் தொழில்நுட்ப விவரக்குறிப்பே அதுவாகும்.

இதன் பயனை உணர்ந்துகொள்ளத் தேசிய அடையாள அட்டை இலக்கமே போதுமானது. பிறந்த ஆண்டையடுத்து வரும் மூன்று இலக்கங்கள், அவ்வாண்டில் பிறந்த நாள் எத்தனையாவது என்பதைக் குறிக்கின்றன. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். லீப் வருடமாயினும் இல்லாவிடினும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்றே இதில் கணக்கிடப்படுகின்றது. ஆகவே, 1991 மார்ச் 1ஆம் திகதி பிறந்த ஆணின் இலக்கத்தில் 061 என்றிருக்கும். இவ்விதியை அறியாதவர் எழுதும் கணினி நிரலோ அதனை மார்ச் 2 எனக் கணித்து, பிறப்புச் சான்றிதழுடன் பொருந்தவில்லை என நிராகரித்துவிடும். 2016ஆம் ஆண்டு முதல் 12 இலக்க முறை நடைமுறைக்கு வந்துள்ளதால், பழைய, புதிய இலக்கங்கள் இரண்டும் ஒருவரையே குறிக்கக்கூடும் என்பதையும் நிரல் அறிந்திருக்க வேண்டும்.

இலக்கங்களை விடப் பெயர்களே சிக்கலானவை. தகப்பனின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் தமிழரிடம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தை எவ்வாறு நிரப்புவது? முஹம்மது, மொஹமட், மொகமது என ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடும் முஸ்லிம் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் தேடுவது? 'மொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியைக்கூடக் கணினியில் ஒரே குறியீடாகவும், இரு பகுதிகளாகவும் பதிய முடியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது, முறையான விதியின்றேல் கணினிக்கு வெவ்வேறாகும்.

இச்சிக்கல்கள் அனைத்தும் உடப்புசல்லாவை போன்ற மலையகப் பிரதேசங்களில் ஒன்றுசேர்கின்றன. தோட்டங்களில் பல குடும்பங்களுக்குத் தனியான வீட்டிலக்கமோ வீதிப் பெயரோ கிடையாது. தோட்டத்தின் பெயரே முகவரியாகும். சிங்களத்தில் பதியப்பட்ட தமிழ்ப் பெயர்கள் உருமாறிப்போன பிறப்புச் சான்றிதழ்களும் இங்கு புதியனவல்ல. ஒரு முகவரிக்கு ஒரு குடும்பம் என்று விதி எழுதப்பட்டால், லயன் அறைகளில் வாழும் ஏனைய குடும்பங்கள் போலிகளாகவே கருதப்படும்.

ஆவணச் சோதனையின் கடுமையை மலையக மக்கள் ஏற்கனவே அனுபவித்தவர்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்ட போதிலும், சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே பிரஜாவுரிமை பெற்றனர். தொடர்ச்சியான வதிவை ஆவணங்களால் நிரூபிக்க இயலாமை அதற்கொரு பிரதான காரணமாகும். அன்று அதிகாரியிடம் முறையிடவாவது முடிந்தது; இன்று கணினித் திரையிடம் எவரும் வாதாட முடியாது.

விதிகளே வேண்டாம் என நாம் கூறவில்லை. அவை தளர்ந்தால் போலிப் பதிவுகள் பெருகி, உரியவருக்கான உதவி பிறரைச் சென்றடையும். அவை அளவுக்கு மீறி இறுகினால் உரியவரே வெளியே நிறுத்தப்படுவார். இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையை வகுப்பது கடினமான பணி. அதனைக் கொழும்பில் உள்ள நிபுணர்கள் மாத்திரம் தீர்மானிப்பது பொருத்தமாகாது.

சரிபார்ப்பு விதிகள் மும்மொழிகளிலும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அவை நடைமுறைக்கு வருமுன் தோட்டப்புறத்து ஆவணங்களைக் கொண்டு பரீட்சிக்கப்பட வேண்டும். நிராகரிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அதற்கான காரணம் அவரது மொழியிலேயே தெரிவிக்கப்படுவதுடன், பிரதேச செயலக மட்டத்திலேயே அதனைத் திருத்தும் அதிகாரமும் வழங்கப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தம் கோரும் உரிமையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டுள்ளது. அவ்வுரிமை தோட்டத் தொழிலாளியின் வாசல் வரை சென்றடைய வேண்டும். படிவத்துக்கு ஏற்ப மனிதனை மாற்ற முடியாது. மனிதனுக்கு ஏற்பப் படிவத்தை மாற்றுவதே முறையாகும்.