பாடியவர் பெயர் தெரியும், இயற்றியவர் பெயர்?

செட்டிகுளத்தில் ஒரு கோயில் திருவிழா. ஒலிபெருக்கியில் மயிலைக் கற்பகவல்லியைப் போற்றும் அந்தப் புகழ்பெற்ற இராகமாலிகை ஒலித்தது. பாடுபவர் யாரென்று அருகில் நின்ற இளைஞர்களைக் கேட்டேன். டி.எம்.சௌந்தரராஜன் என்று உடனே சொன்னார்கள். எழுதியவர்? “இந்தியாவில் யாரோ” என்றார்கள்.

அந்த ‘யாரோ’, யாழ்ப்பாணத்து இணுவில் வீரமணி ஐயர் (1931–2003). சென்னை கலாக்ஷேத்திராவில் பயின்று, கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் கற்பித்தவர். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனைகள் இயற்றியவர்.

இளைஞர்களைக் கடிந்து பயனில்லை. குற்றம் எங்களுடையது. அரங்கேற்றச் செய்திகளில் ஆடியவர், பாடியவர், பிரதம விருந்தினர் எல்லோருடைய பெயரையும் போட்டோம். இடம் போதாதபோது உருப்படியை இயற்றியவரின் பெயரையே முதலில் வெட்டினோம். பத்திரிகைக்காரனாகிய நானும் இதற்கு உடந்தை.

அமெரிக்காவில் ஆரன் கோப்லன்ட் (1900–1990) என்ற இசையமைப்பாளர் இருந்தார், அவரும் ஆசிரியரே. அவருடைய இசைக் கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் அந்நாட்டின் காங்கிரஸ் நூலகத்தில் பேணப்படுகின்றன. நாம் நம்மவருக்கு மலர் வெளியிடுகிறோம். கொப்பிகளைக் கறையானுக்கு விடுகிறோம்.

“எல்லாவற்றையும் போர் தின்றுவிட்டது” என்பது நமது ஆயத்த விடை. அது பொய்யன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 2009இல் இதே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு உயிரை மட்டும் சுமந்து வந்தவர்களிடம் பாட்டுக் கொப்பி எங்கே என்று கேட்பது கொடுமை. ஆனால் அம்முகாம் 2012இல் மூடப்பட்டது. அதன் பின் கழிந்த ஆண்டுகளுக்கும் போரையே சாட்டாகச் சொல்வது நேர்மையா?

“நூலகம் இணையத்தளம் இருக்கிறதே” என்பார்கள் சிலர். 2005 முதல் அது ஆற்றிவரும் பணிக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் கீர்த்தனை என்பது வெறுஞ் சொல்லன்று. சாகித்தியத்தை அச்சிட்டு, மேலே இராகத்தையும் தாளத்தையும் குறித்துவிட்டால் பாட்டு பிழைத்துவிடாது. இராகத்தின் பெயர் ஆரோகண அவரோகணத்தைத் தரும். ஆக்கியவர் அமைத்த மெட்டைத் தராது. சுரக்குறிப்பு இல்லாத இடத்தில் அந்த மெட்டு, அவரிடம் நேரில் கற்ற மாணவர்களின் தொண்டையில் மட்டுமே வாழ்கிறது. அம்மாணவர்களும் இன்று முதுமையை எட்டிவிட்டார்கள்.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. அவர்களைப் பாடச்செய்து ஒலிப்பதிவு செய்க, சுரப்படுத்தி எழுதுக, படிகளை ஒரே கட்டடத்தில் பூட்டாமல் பல இடங்களில் வைக்க. 1981 கற்பித்த பாடம் அதுவே. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஓர் அரங்கேற்றத்துக்கு மண்டபம், சேலை, விருந்து என்று கொட்டும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

சிலைக்கு அவசரமில்லை, அதை எப்போதும் வார்க்கலாம். பாடத் தெரிந்த கடைசி மாணவர் கண்மூடிய பின்னர் மெட்டை எங்கே போய் வார்ப்பது?