புது ஃபிளாட் சாவி வாங்கப் போறீங்களா? ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் ஏன் முக்கியம்?

பெயின்ட் வாசனை போகாத ஃபிளாட்டில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். ஓதம் தெரிவது முதல் மழையில். அதற்குள் முழுப் பணமும் பில்டர் கைக்குப் போயிருக்கும்.

இங்கேதான் ஹோம் இன்ஸ்பெக்டர் தேவைப்படுகிறார். ஈரப்பதம் காட்டும் மீட்டரைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். டைல்ஸைத் தட்டி, அடியில் காலியா இருக்கான்னு கண்டுபிடிப்பார். எர்த்திங், பாத்ரூம் தரை வாட்டம், கார்பெட் ஏரியா எல்லாம் போட்டோவோடு ரிப்போர்ட்டில் வரும். ஆனால் சுவருக்குள் இருக்கும் கம்பியின் தரம் கண்ணுக்குத் தெரியாது. பத்திரம், வில்லங்கம் பார்ப்பது வக்கீல் வேலை.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குத் தனி லைசென்ஸ் கிடையாது. யாரும் போர்டு மாட்டலாம். சிவில் இன்ஜினியரா என்று கேளுங்க, பழைய ரிப்போர்ட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்க. பில்டர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டவே வேண்டாம்.

ரெரா சட்டம் பிரிவு 14(3)-ன்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால், பில்டர் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ‘நீங்க ஆணி அடிச்சதால வந்த விரிசல்’ என்று அவர் கைவிரித்தால், தேதியுடன் உள்ள ரிப்போர்ட்தான் கைகொடுக்கும். கடைசி தவணைக்கு முன்பே அதை பில்டருக்கு இமெயிலில் அனுப்பிடுங்க. ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் இன்னொரு முறை சோதிப்பதும் நல்லது.