கட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதிகளில் இருப்பவர்களுக்கு, புறநகர்க் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று விடுக்கும் வேண்டுகோள் இது. சொத்து வரியைக் கட்டாதீர்கள் என்று சங்கம் சொல்லவில்லை. கட்டுவதற்கு முன், அந்தத் தொகை எப்படி வந்தது என்று ஒரு தடவை பாருங்கள் என்கிறது.

அரையாண்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்பவர்கள், மாநகராட்சிப் பதிவில் தங்கள் வீடு எத்தனை சதுர அடி என்று கேட்டால் விழிக்கிறார்கள். தெருவுக்கு என்ன விகிதம், குடியிருப்பு என்று பதிவா வணிகம் என்று பதிவா, யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்.

கணக்கில் மர்மம் ஏதுமில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று அடிப்படை விகிதம் உண்டு. கட்டடப் பரப்பை அதனால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. வரிக்கு அடிப்படையான ஆண்டு மதிப்புக்கு அதை 12ஆல் பெருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சென்னையில் நெடுங்காலம் பெருக்கிய எண் 10.92. வாடகையில் 10 விழுக்காட்டை நிலத்துக்கென ஒதுக்கி, கட்டடத்துக்கான மீதி 90இல் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புச் செலவாகக் கழித்தால், 12 அப்படித்தான் 10.92 ஆகிறது. கட்டடத்தின் வயதுக்கும், உரிமையாளரே குடியிருப்பதற்கும் தனிக் கழிவுகள் இருந்தன. வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கு உரிமையாளரே குடிவந்தும் மண்டல அலுவலகத்தில் தெரிவிக்காமல் விட்டவர்களுக்கு அந்தக் கழிவு தானாக வந்து சேரவில்லை.

சதுர அடி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 2022 காட்டியது. சென்னையில் 1998க்குப் பிறகு பொதுச் சீராய்வு நடைமுறையில் நிலைக்கவே இல்லை. 2018இல் அறிவித்த உயர்வும் 2019இல் நிறுத்திவைக்கப்பட்டது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்தது. 2022 ஏப்ரலில் உயர்வு வந்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. சேர்க்கப்பட்ட பகுதிகளில் 25, 50, 75, 100.

இதன் பொருள்: சேர்க்கப்பட்ட பகுதியில் 1,000 ரூபாய் கட்டிவந்த 600 சதுர அடி வீட்டுக்கு 1,250 ஆனது. அதே வீடு 601 என்று பதிவாகியிருந்தால் 1,500. ஒரே ஒரு சதுர அடி! பில்டர் விளம்பரத்தில் போடும் பரப்பில் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாம் கலந்திருக்கும். அந்த எண்ணே மதிப்பீட்டுக்குப் போயிருக்கிறதா என்பதை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிழை அங்கேயே நிற்பதும் இல்லை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் குடிநீர், கழிவுநீர் வரியும் அதே ஆண்டு மதிப்பின் மீதுதான், 7 விழுக்காடு. 2024 அக்டோபரில் சொத்து வரி 6 விழுக்காடு உயர்ந்தபோது தப்பான தொகையும் சேர்ந்தே உயர்ந்தது.

பிழை கண்டால் முதலில் எங்கே போவது? நடிகர் ரஜினிகாந்துக்குச் சொந்தமான கோடம்பாக்கம் ராகவேந்திரா கல்யாண மண்டபத்தின் கதை பலருக்கும் தெரியும். 2020 பொது முடக்கத்தில் மண்டபம் பூட்டிக் கிடந்த அரையாண்டுக்கு ஏறத்தாழ ஆறரை லட்சம் ரூபாய் வரி வந்தது. கட்டடம் காலியாக இருந்தால் வரிச் சலுகை கேட்க அப்போது நடப்பிலிருந்த 1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தில் வழியும் இருந்தது. ரஜினிகாந்த் செப்டம்பர் கடைசியில் மனு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உயர் நீதிமன்றம் போனார். வழக்குச் செலவு விதிக்க நேரிடும் என்று நீதிபதி எச்சரிக்க, மனுவைத் திரும்பப் பெற்று வரியைக் கட்டினார். மாநகராட்சியிடமே முறையிட்டிருக்க வேண்டும் என்று பிறகு அவரே ட்விட்டரில் எழுதினார். சூப்பர் ஸ்டாருக்கே வரிசை அதுதான்: முதலில் மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு, கையில் ஒப்புகை, பிறகு மேல்முறையீடு.

பத்திரப் பதிவு முடிந்து பல ஆண்டுகளாகியும் பழைய உரிமையாளர் பெயரிலேயே ரசீது வாங்குவோரும் இருக்கிறார்கள். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் உங்கள் பெயரில் வரி ரசீது இருப்பது மட்டும் வீட்டின் உரிமைக்குச் சான்றாகாது. அதற்குக் கிரயப் பத்திரம் வேண்டும்.

பரப்பைக் குறைத்துக் காட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேல்மாடி கட்டிப் பத்து வருடம் பதியாமல் இருப்பது சாமர்த்தியம் என்று சங்கம் கருதவில்லை. தெருவிளக்குக்கும் குப்பை அள்ளுவதற்கும் அந்த வீட்டின் பங்கை அடுத்த வீட்டுக்காரர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு தனிவட்டி. ஆகவே கணக்கைச் சரிபார்ப்பதை மார்ச்சிலும் செப்டம்பரிலுமே முடித்துவிடுங்கள். மனு நிலுவையில் இருந்தாலும் வரியைக் கட்டி ரசீதை வாங்கி வையுங்கள். மனு எழுதத் தெரியாத முதியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களுடையதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.