துள்ளுமாரி: இழப்பீடு மட்டும் போதுமா?

மழைக்குப் பின் துளிர்த்த இளம்புல்லை வயிறார மேய்ந்த கொழுத்த குட்டி திடீரெனத் துள்ளி விழுகிறது. வலிப்பு கண்டு, தலை பின்னோக்கி வளைகிறது, கால்கள் உதைத்துக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் உயிர் பிரிகிறது. துள்ளுமாரி எனப்படும் இந்நோய் தெய்வக் குற்றத்தால் வருவதன்று. ஆட்டின் குடலில் இயல்பாக வாழும் கிளாஸ்டிரிடியம் என்னும் நுண்ணுயிரி, தீவனம் திடீரென மாறும்போது பெருகி, மூளையைத் தாக்கும் நச்சை உண்டாக்குகிறது. நோய் கண்டபின் சிகிச்சைக்கு அவகாசம் கிடைப்பது அரிது. மழைக்காலத்துக்கு முன் போடப்படும் தடுப்பூசியே பாதுகாப்பு.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி, கர்நாடகத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் செம்மறியாடுகள் உள்ளன. குருபர் உள்ளிட்ட மேய்ச்சல் சமூகத்தினருக்கும் நிலமற்ற ஏழைகளுக்கும் மந்தையே சேமிப்பு.

பெங்களூருவின் ஹெப்பாளில் மாநில அரசு நிறுவனம் துள்ளுமாரித் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. எலகங்காவில் உள்ள ஒன்றிய அரசின் கால்நடை நோய்ப்பரவல் ஆய்வு நிறுவனம், இந்நோய் எந்த மாவட்டங்களில் தலைதூக்கக்கூடும் என்பதை இரண்டு மாதங்களுக்கு முன்னரே கணிக்கிறது. தமிழ்நாட்டிலும் 1932 முதல் ராணிப்பேட்டை நிலையம் இயங்கிவருகிறது. அறிவும் மருந்தும் பொதுத்துறையின் கையில் இருக்கின்றன. அவற்றை உரிய காலத்தில் மந்தைக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடே பலவீனமாக உள்ளது.

2019இல் மோடி அரசு ரூ.13,343 கோடியில் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. அதன் இலக்குகள் கோமாரியும் புருசெல்லா கருச்சிதைவு நோயும். பால் வணிகத்தையும் இறைச்சி ஏற்றுமதியையும் பாதிக்கும் நோய்களுக்குக் கிடைத்த முன்னுரிமை, ஏழையின் ஆட்டுக்குட்டியைக் கொல்லும் நோய்க்குக் கிடைக்கவில்லை.

கர்நாடக அரசு 2023இல் 'அனுக்ரகா' திட்டத்தை மீட்டு, இறந்த ஆடு ஒன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு அறிவித்தது. இது போராடிக் காக்க வேண்டிய உரிமை. ஆயினும் இறப்பைச் சான்றளிக்க வரும் கால்நடை மருத்துவர், ஊசியோடு முன்னரே வந்திருந்தால் அந்த ஆடு பிழைத்திருக்கும். சொந்த ஊரைவிட்டுப் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் மேய்ப்பவருக்குச் சான்றிதழ் பெறுவதும் எளிதன்று.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. துள்ளுமாரித் தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்து இலவசமாக வழங்க வேண்டும். கோடையிலேயே மேய்ச்சல் பாதைகளில் நடமாடும் முகாம்கள் அமைக்க வேண்டும். கால்நடை மருத்துவமனைகளின் காலிப் பணியிடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். ஹெப்பாள், ராணிப்பேட்டை நிலையங்களைத் தனியாருக்குத் தாரைவார்க்காமல் விரிவுபடுத்த வேண்டும்.

விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் மேய்ப்பர்களைத் திரட்டி இவற்றுக்காகக் களமிறங்க வேண்டும். அடுத்த மழைக்கு முன்பே அது தொடங்கட்டும்.