அச்சுறுத்தும் அஞ்சலும் ஆசை காட்டும் அஞ்சலும்

நம் பிள்ளைகள் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் ஆட்டங்களை வெறும் பொழுதுபோக்கென்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், அவர்கள் பல மாதங்கள் ஆடிச் சேர்த்த நாணயங்களும் அரிய ஆயுதங்களும் வெளிச்சந்தையில் உண்மைப் பணத்துக்கு விலைபோகின்றன. பணம் உள்ள இடத்தைக் கள்வர் அறியாதிருப்பரோ? 'ஸ்டீம்' என்னும் ஆட்டத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் பறிக்கப்பட்டுச் சூறையாடப்படுவதாக 2015 டிசம்பரில் தானே அறிவித்தது.

இக்கள்வருள் பலர் பூட்டை உடைப்பதில்லை. சாவியை நம்மிடமே கேட்டு வாங்குகின்றனர். அதற்கு அவர்கள் கையாளும் கருவி மின்னஞ்சல். 2004-இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தை ஆடியோருக்கு வந்த போலி அஞ்சல்கள் இதற்கு நல்ல சான்று. அவற்றுள் ஒருவகை அச்சுறுத்தும்: 'நீர் உமது கணக்கை விற்க முயல்வதாக அறிகிறோம், உடனே உறுதி செய்யாவிடில் அது மூடப்படும்' என்னும். மற்றொருவகை ஆசை காட்டும்: 'புதிய பகுதியை முன்னதாகவே ஆடிப்பார்க்க அழைக்கிறோம், சவாரி விலங்கொன்றை இலவசமாகத் தருகிறோம்' என்னும். இரண்டும் இறுதியில் ஓர் இணைப்பை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் நிறுவனத்தின் பக்கத்தைப் போன்றே ஒரு பக்கம் திறக்கும். அதில் இடும் கடவுச்சொல் நேரே கள்வர் கைக்குப் போகும்.

இவற்றை அறிந்துகொள்வது எங்ஙனம்? அனுப்புநர் பெயரை நம்புதல் ஆகாது. தபால் உறையின்மேல் எவரும் எப்பெயரையும் எழுதலாம் அன்றோ? நண்பன் பெயரில் வந்தாலும் ஐயுறவு வேண்டும். அவன் கணக்கு முன்பே பறிபோயிருக்கக் கூடும். இணைப்பின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்தாகிய 'எல்' இருக்குமிடத்தில் எண் 1 நிற்கலாம். 'டாட் காம்' என்பதற்குச் சற்று முன் நிற்கும் பெயரே தளத்துக்கு உரியவரின் பெயர்; அதற்கும் முன்னால் எந்தப் பெயரையும் ஒட்டவைக்கலாம். மற்றொரு தந்திரம் இன்னும் நுட்பமானது. ஸ்டீம் கணக்குக்குள் நுழையும் சிறு சாளரத்தை, முகவரிப் பட்டையோடு கள்வர் தம் பக்கத்தினுள்ளேயே படம்போல் வரைந்துவிடுகின்றனர். கணினியில் அச்சாளரத்தைப் பிடித்துப் பக்கத்தின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பாருங்கள்; வெளியே வராவிடில் அது போலி.

இத்தனையையும் சிறுவர் நினைவில் வைப்பது அரிது. ஆகவே ஒரு விதியை மட்டும் கற்பிப்போம்: அஞ்சல் காட்டும் வாயிலால் ஒருபோதும் நுழையாதே. கணக்கில் உண்மையாகவே குறையிருப்பின், தளத்தின் முகவரியை நாமே தட்டெழுதித் திறந்தாலும் அச்செய்தி அங்கே இருக்கும். அவசரப்படுத்துவது கள்வரின் வழக்கம். பத்து நிமிடம் பொறுப்பதால் நமக்கு இழப்பில்லை.

கடவுச்சொல்லோடு மாறும் எண் ஒன்றையும் கேட்கும் இரண்டாம் பூட்டு, வார்கிராஃப்டுக்கு 2008-இலும் ஸ்டீமுக்கு 2011-இலும் வந்தது. அதனைக் கட்டாயம் போட்டுவைக்க வேண்டும். எனினும் அந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் இட்டுவிட்டால் பூட்டினால் பயனில்லை.

கணக்குப் பறிபோனால் உடனே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதே கடவுச்சொல் மின்னஞ்சலுக்கும் இருப்பின் அதனை முதலில் மாற்றுக. பணமும் போயிருந்தால் வங்கிக்கும், இந்தியாவில் 1930 என்னும் எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். ஏமாந்த பிள்ளை வசைக்கு அஞ்சி அதனை மறைப்பதுண்டு. அது மறைத்துவைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வருக்கே ஆதாயம். தந்தையின் வங்கி அட்டை அக்கணக்கோடு இணைந்திருந்தால் இழப்பு குடும்பம் முழுவதற்கும் ஆகும். வளர்ந்தோரும் ஏமாறும் வலை இது. எனவே, 'என்ன நேர்ந்தாலும் முதலில் எங்களிடம் சொல். திட்டமாட்டோம்' என்று இன்றே பிள்ளைகளிடம் கூறிவைப்போம். நேரும்போது அவ்வாக்கைக் காப்போம்.